ஸ்டீல்ஸ் வீதியும் நிலமாற்று வரியும்

ரொறன்ரோவில் வீடு வாங்க முனையும் நம்மவர்கள் விலை, முற்பணம், வட்டி வீதம் ஆகியவற்றை விரல்நுனியில் வைத்திருப்பார்கள். ஆனால் வீடோ காணியோ கைமாறும்போது அறவிடப்படும், சாவி கைக்கு வருமுன் மொத்தமாகக் கட்டவேண்டிய நிலமாற்று வரியைப் பலரும் சட்டத்தரணியின் கணக்குத் தாளில்தான் முதன்முதலில் காண்கிறார்கள். வாங்குபவரே செலுத்தவேண்டிய இந்தத் தொகையை வங்கிகள் பொதுவாக வீட்டுக் கடனில் சேர்த்துத் தருவதில்லை.

ஒன்ராறியோ மாகாணத்தின் வரிக்கு மேலாக, ரொறன்ரோ மாநகரம் 2008 முதல் தனக்கென இன்னொன்றையும் அறவிடுகிறது. 9 இலட்சம் டொலர் வீடொன்றுக்கு மாகாணத்துக்கு 14,475 டொலர், மாநகரத்துக்கும் அதே 14,475 டொலர். ரொறன்ரோவின் வட எல்லையான ஸ்டீல்ஸ் வீதியைக் கடந்து அயல் நகரான மார்க்கம் பக்கம் போனால் இரண்டாவது வரி இல்லை. ரொறன்ரோவின் ஒரு பகுதியான ஸ்காபரோவில் வேரூன்றியிருந்த நாங்கள் மார்க்கமில் வீடு பார்த்ததற்கு இதுவே முதற்காரணம்.

முதன்முறை வாங்குபவருக்கு மாகாணம் 4,000 டொலர் வரையும், மாநகரம் 4,475 டொலர் வரையும் கழித்துக்கொடுக்கும். ஆனால் வாங்குபவர் உலகில் எந்த இடத்திலும் வீடு வைத்திருந்திருக்கக் கூடாது. அவருடைய துணைவரும், துணைவராக இருந்த காலத்தில், வைத்திருந்திருக்கக் கூடாது. யாழ்ப்பாணத்தில் பெண்ணுக்குச் சீதனமாக வீடு எழுதிக்கொடுக்கும் வழக்கமுள்ள நமக்கு இந்த நிபந்தனை மிக நெருக்கமானது. சட்டத்தரணி உறுதிமொழிப் படிவத்தை வாசித்துக் காட்டியபோது என் மனைவி என்னைப் பார்த்து, "அம்மா இருக்கிற வீட்டை இல்லையெண்டு எப்படியப்பா எழுதுறது?" என்றார். வாடகையாக ஒரு சதமும் பார்த்திராத அந்தச் சீதன வீட்டால் இருவருக்குமே சலுகை இல்லாமற்போனது. வீட்டு உறுதிப் பத்திரத்தில் பெயர் இருந்தால் இருப்பதாகவே சொல்லவேண்டும். பொய்யாகக் கையெழுத்திடும்படி எவர் சொன்னாலும் கேட்கவேண்டாம்.

சலுகை கிடைப்போருக்கும் அது போதுமானதன்று. ஏறத்தாழ 368,000 டொலர் வரையான வீட்டுக்கே மாகாண வரி முழுவதும் கழிகிறது. அந்த விலைக்கு ஸ்காபரோவில் தனிவீடு ஏது? அடுத்த முறை வீடு மாறும்போது அந்தச் சலுகையும் கிடையாது. பிள்ளைகள் வளர்ந்தபின் பெரிய வீட்டுக்குப் போகவேண்டியவர்கள் நிலக்கீழ்த் தளத்தில் அறை கட்டுவதும், வேலை தொலைவுக்கு மாறியவர்கள் நாள்தோறும் 401 நெடுஞ்சாலையில் மணிக்கணக்கில் வாகனம் ஓட்டுவதும் இதனாலும்தான். வீட்டின் பெறுமதிக்கு ஆண்டுதோறும் கட்டும் வரியை நான் நியாயமாகவே கருதுகிறேன். இடம் மாறவேண்டிய தேவைக்கே இவ்வளவு பெரிய தொகை கேட்பதை அப்படிக் கருத முடியவில்லை. வீடு தேடுவோர் விலை பேசுவதற்கு முன்பே, ஊரிலுள்ள வீட்டு உறுதிகளின் விவரத்தோடு சட்டத்தரணியிடம் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிடுங்கள்.