ரீச்சர் கரும்பலகையில் வரைந்த சலவைக் கணக்கு

ரீச்சர் காலமான செய்தி போன மார்கழியில் வந்தது. 1974இல் ஏழாம் வகுப்பில் இருந்தவர்களுக்கு எந்த ரீச்சர் என்று சொல்லத் தேவையில்லை. விடியப்புறம் பாண் வரிசையில் நின்றுவிட்டு வந்த எங்களுக்கு, எகிப்தைப் பங்கீட்டுத் தானியத்திலிருந்துதான் அவர் தொடங்கினார்.

பிரமிட்டுகளை விட்டுவிட்டு, அரச கல்லறைகளைக் குடைந்தவர்கள் குடியிருந்த டெய்ர் எல் மெதீனாவுக்கு எங்களைக் கூட்டிப்போனார். ஒரு வேலையாளுக்கு மாதம் 4 மூடை கோதுமை, ஒன்றரை மூடை பார்லி. மேற்பார்வையாளருக்கு ஐந்தரையும் இரண்டும். கோதுமை பாணுக்கு, பார்லி பியருக்கு. மூன்றாம் ராம்சேஸின் 29ஆம் ஆட்சியாண்டில் அந்தத் தானியம் வந்துசேராமல்போக, வேலையைப் போட்டுவிட்டுக் கோயிலுக்குப் பின்னால் போய்க் குந்திவிட்டார்கள். எழுத்தில் பதிவான முதல் வேலைநிறுத்தம் அதுதான். அவர்களுக்குக் கீழேயும் ஆட்கள் இருந்தார்கள். தண்ணீர் சுமப்பவன் அந்த வேலையாட்களிடமே கழுதையை வாடகைக்கு எடுத்து, அவர்களுக்கே கடனாளியாகி, அவர்கள் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்தான்.

பிறகு சலவைக்காரர். மகனை எழுத்தர் பள்ளிக்கு ஆற்றுவழியே கூட்டிப்போகும் தகப்பன் ஒருவன் மற்றத் தொழில்களை எல்லாம் இகழ்ந்து சொல்லும் பழைய எகிப்திய நூல் ஒன்று உண்டு. முதலை கிடக்கும் ஆற்றங்கரையில் துணி வெளுப்பவனின் பாட்டை ரீச்சர் வாசித்தபோது, முன்வாங்குகளில் சிரிப்பு எழும்பியது. திரும்பிய தலைகள் எல்லாம் கடைசி வாங்கில் ஒருவனையே பார்த்தன. அவன் குனிந்தபடி கொப்பியின் மூலையைச் சுருட்டிக்கொண்டிருந்தான்.

ரீச்சர் சத்தம் போடவில்லை. "இதை எழுதினது ஆர்? எழுதப் படிச்சவன். தன்ரை தொழிலைப் பெரிசாக்க மற்றவையின்ரை தொழிலைச் சின்னதாக்கினவன். துணி தோய்ச்சவன் எழுதியிருந்தால் இந்தப் பாடம் வேறை" என்றார்.

பிறகு கரும்பலகையில் ஒரு கோவணம், ஒரு சட்டை, ஒரு துண்டு வரைந்து பக்கத்தில் புள்ளிகள் வைத்தார். அந்த ஊரில் கிடைத்த பானை ஓடுகளில் சலவைக் கணக்கு இப்படியும் இருக்கிறது: உடுப்பின் படம், எத்தனை என்பதற்குப் புள்ளி. "இதுவும் எழுத்துத்தான்." கடைசி வாங்கில் இருந்தவன் அப்போதுதான் நிமிர்ந்தான்.

லண்டனுக்கு வந்தபின் பிரித்தானிய அருங்காட்சியகத்தில் அந்த ஊரின் வருகைப் பதிவைப் பார்த்தேன். இரண்டாம் ராம்சேஸின் 40ஆம் ஆட்சியாண்டுச் சுண்ணாம்புக்கல். பெயரும் நாளும் கறுப்பு மையில். வராத காரணம் மேலே சிவப்பில்: தேள் கடி, கண் நோய், பியர் காய்ச்சியது, தாயின் உடலுக்குத் துணி சுற்றியது. ரீச்சரின் இடாப்பிலும் காரணங்கள் சிவப்பில்தான் இருக்கும். "காய்ச்சல்", "தோட்டத்தில் இறைப்பு", "தாய்க்குச் சுகமில்லை". அந்தக் கல்லைப் பற்றி அவரோடு இருந்து கதைக்க எனக்குக் கிடைக்கவில்லை.

கணக்காளராய், வைத்தியராய், பொறியியலாளராய் நாங்கள் எல்லோரும் எழுத்தர் பள்ளிக்குப் போன அந்த மகனின் வழியிலேயே போனோம். போகவேண்டிய காலம்தான் அது. ஆனாலும் அந்த வகுப்பறையில் ரீச்சருக்குப் பிறகு சாக்கட்டி பிடிக்க எங்களில் ஒருவராவது நின்றிருக்கலாம். அது நானாக இருந்திருக்கலாம் என்ற எண்ணம் இப்போது அடிக்கடி வருகிறது.

பழைய மாணவர் சங்கத்தின் உறுப்பினர் பட்டியலை இந்த மலருக்காகப் பார்த்தேன். முன்வாங்குகள் அநேகமாக முழுதாக இருக்கின்றன. கடைசி வாங்கில் இருந்தவனின் பெயர் எந்த நாட்டுக் கிளையிலும் இல்லை. அவன் இருக்கும் இடம் தெரிந்தவர்கள் தயவுசெய்து செயலாளருக்கு அறிவியுங்கள். ரீச்சரைப் பற்றி அடுத்த மலரில் அவன் எழுதவேண்டும்.