டாம் பிராட்லி எங்கே தோற்றார்?

1982 நவம்பர் 2 அன்று கலிஃபோர்னியா மாநில ஆளுநர் தேர்தலில் வாக்குப்பதிவு முடிந்த சற்று நேரத்திலேயே, லாஸ் ஏஞ்சலஸ் மேயர் டாம் பிராட்லி வென்றுவிட்டதாக, வாக்களித்து வந்தோரிடம் எடுத்த கணிப்புகளை வைத்துச் சில ஊடகங்கள் அறிவித்தன. சான் பிரான்சிஸ்கோ கிரானிக்கிள் நாளிதழின் முதல் பதிப்புகள் அதே செய்தியைத் தலைப்பாகவே தாங்கி வெளிவந்தன. அங்கே ஆளுநர் என்பவர் நம் ஊரைப்போல நியமனம் பெறுபவரல்லர். மாநில நிர்வாகத்தின் தலைவராக மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பவர். பிராட்லி வென்றிருந்தால், வாக்குகளால் அப்பதவிக்கு வந்த முதல் கறுப்பின அமெரிக்கர் ஆகியிருப்பார். ஆனால் எண்ணிக்கை முடிந்தபோது, குடியரசுக் கட்சியின் ஜார்ஜ் டுக்மேஜியன் 93,345 வாக்குகள் கூடுதலாகப் பெற்றிருந்தார். பதிவான வாக்குகளோ 75 லட்சத்துக்கும் மேல்.

வெள்ளையர் பலர் கணிப்பாளரிடம் பிராட்லியின் பெயரைச் சொல்லிவிட்டு, வாக்கை மாற்றிப் போட்டார்கள் என்ற விளக்கம் அன்றிலிருந்து 'பிராட்லி விளைவு' என்ற பெயரில் நிலைத்துவிட்டது. கணிப்பாளர்களுக்கு இது வசதியான விளக்கம் என்றே நான் கருதுகிறேன், ஏனெனில் பிழை முழுவதும் பொய் சொன்ன வாக்காளர் தலையில் விழுந்துவிடுகிறது.

தபால் வாக்குகளைப் பார்த்தால் வேறு கதை தெரிகிறது. 1978-இல் கலிஃபோர்னியா தன் சட்டத்தைத் திருத்தி, காரணம் எதுவும் சொல்லாமலே யாரும் தபால் வாக்கு கோரலாம் என்று ஆக்கியிருந்தது. இந்த வாய்ப்பை முதலில் பெரிய அளவில் பயன்படுத்தியது குடியரசுக் கட்சிதான். தங்கள் ஆதரவாளர் வீடுகளுக்கு விண்ணப்பங்களை அனுப்பி, அவற்றை நிரப்பித் திரும்பப் பெறும் வேலையை அது தேர்தலுக்கு வெகு முன்பே தொடங்கிவிட்டது. வாக்குச்சாவடிகளில் விழுந்த வாக்குகளை மட்டும் கூட்டினால் பிராட்லியே சிறிய வித்தியாசத்தில் முன்னிலையில் இருந்தார். தபால் வாக்குகள்தான் அவரை வீழ்த்தின. சாவடி வாசலில் நின்று வாக்களித்து வருவோரைக் கேட்கும் கணிப்பில், சாவடிக்கே வராதவர் எப்படி அகப்படுவார்? அந்த மாலை வாக்காளர்கள் உண்மையையே சொல்லியிருந்தாலும் கணிப்பு தவறியிருக்கும்.

இன்னொரு காரணம் வாக்குச்சீட்டிலேயே இருந்தது. கைத்துப்பாக்கிகளின் எண்ணிக்கைக்கு வரம்பு கட்டும் 15-ஆம் எண் முன்மொழிவும், அதாவது மக்களே நேரடியாக வாக்களித்து முடிவு செய்யும் சட்ட யோசனையும், அன்றே வாக்கெடுப்புக்கு வந்தது. பிராட்லி அதை ஆதரித்தார், டுக்மேஜியன் எதிர்த்தார். அதைத் தோற்கடிக்கத் துப்பாக்கி உரிமை அமைப்புகள் பெரும் பணம் செலவழித்தன. கிராமப்புறங்களிலும் மாநிலத்தின் உள்பகுதியான வேளாண் மத்தியப் பள்ளத்தாக்கிலும் திரண்டு வந்தவர்கள் அந்த முன்மொழிவைப் பெருவாரியாக நிராகரித்ததோடு, அதே சீட்டில் டுக்மேஜியனுக்கும் முத்திரையிட்டுச் சென்றனர். யார் வாக்களிக்க வருவார்கள் என்ற கணக்கு தவறினால், வந்தவரின் விருப்பத்தைச் சரியாக அளந்தும் பயனில்லை.

டுக்மேஜியனின் சொந்தக் கணிப்பாளரான லான்ஸ் டாரன்ஸ் பிற்காலத்தில் எழுதியது இங்கே முக்கியமானது. அவர் தொடர்ந்து எடுத்துவந்த கணிப்புகளில் அக்டோபர் தொடக்கத்தில் இருந்த பிராட்லியின் பெரிய முன்னிலை, தேர்தலுக்கு முந்தைய நாளில் ஒரே ஒரு புள்ளியாகச் சுருங்கியிருந்தது. மக்கள் மனத்தை மறைத்திருந்தால் இந்தச் சரிவும் கண்ணில் பட்டிருக்காது.

இதனால் இனவெறுப்புக்கு அத்தேர்தலில் பங்கே இல்லை என்று நான் சொல்லவில்லை. டுக்மேஜியனின் பிரசார மேலாளர் பில் ராபர்ட்ஸ், கறுப்பினத்தவருக்கு எதிரான மறைவான வாக்கு தம் வேட்பாளருக்கு ஐந்து சதவீதம் வரை கூட்டித் தரும் என்று அக்டோபரில் வெளிப்படையாகவே பேசிப் பதவியை இழந்தார். 1989-இல் வர்ஜீனியா மாநிலத்தில் கறுப்பின வேட்பாளரான டக்ளஸ் வைல்டர் எளிதாக வெல்வார் என்ற கணிப்புகளுக்கு மாறாக ஒரு சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசத்தில்தான் ஆளுநரானார். அதை விளக்குவது இன்றும் கடினம். ஆனால் கலிஃபோர்னியாவில் வித்தியாசமே 1.2 சதவீதம். அவ்வளவு குறுகிய தோல்வியை எந்த ஒரு காரணத்தின் பேரிலும் எழுதிவிடலாம் என்பதால், எல்லோரும் நினைவில் வைத்திருக்கும் காரணத்தைவிட, ஒரு கட்சி உட்கார்ந்து திரட்டிய அந்தத் தபால் உறைகளுக்கே நான் அதிக மதிப்பு கொடுக்கிறேன்.