நைசிட்டி

ஒரு மொழிபெயர்ப்பில் 'நைசிட்டீஸ்' என்ற ஆங்கிலச் சொல் வந்தது. 'வசதிகள்' என்று எழுதினேன், ஒட்டவில்லை. 'நயங்கள்' என்றால் கவிதை ஆகிவிடுகிறது!

வேரைத் தேடினால் வேடிக்கை. 'நைஸ்' என்பது லத்தீனில் 'நெஸ்கியஸ்', அதாவது ஒன்றும் அறியாதவன். பிரெஞ்சு வழியாக இடைக்கால ஆங்கிலத்துக்கு வந்தபோதும் முதலில் முட்டாள்தனம் என்றுதான் பொருள். அப்புறம் நொய்ந்து நொய்ந்து, எதிலும் குறைகாண்பது, நுட்பம், நளினம் என்று ஏறி, 18ஆம் நூற்றாண்டில்தான் 'இனிமை'யில் வந்து உட்கார்ந்தது. நம் 'நைஸாக நழுவினான்' வேறு தினுசு, அது பாட்டுக்கு இருக்கட்டும்.

'சோஷியல் நைசிட்டீஸ்' என்றால் வணக்கம், நலம் விசாரிப்பு போன்ற உபசாரங்கள். 'லீகல் நைசிட்டீஸ்' என்றால் சட்ட நுணுக்கங்கள், பெரும்பாலும் சலிப்போடு சொல்வது. 'டு எ நைசிட்டி' என்றால் மிகத் துல்லியமாக. வாழ்க்கையின் நைசிட்டீஸ் என்னும்போதுதான் சௌகரியம் வருகிறது.

'அமினிட்டி' இதற்குப் பக்கத்து வீடு. அதுவும் லத்தீனில் இனிமைதான், இப்போதோ லிப்ட், பார்க்கிங் ஆகிவிட்டது. 'கம்ஃபர்ட்' முன்பு பலப்படுத்துவதைக் குறித்தது, இப்போது மெத்தை.

கடைசியில் 'சின்னச் சின்ன சொகுசுகள்' என்று போட்டேன். இன்னும் உறுத்துகிறது. உங்களிடம் வேறு சொல் உண்டா?