ராமநாதபுரம் போக வேண்டிய முதல் நாள்

மே 2, 2025, வெள்ளி, இரவு 11:20

பை கட்டியாயிற்று. ஊறுகாய் பாட்டிலை மூன்று முறை வெளியே எடுத்து மூன்று முறை உள்ளே வைத்தேன், கடைசியில் உள்ளேதான் இருக்கிறது.

நாங்கள் நான்கு பேர். ஒரே ஹாஸ்டல் அறை, பிறகு ஆளுக்கொரு ஊர், ஆளுக்கொரு குடும்பம். நாலு பேரும் சேர்ந்து எங்கேயாவது போகலாம் என்று பேசிப் பேசியே பத்து வருஷம் ஓடிவிட்டது. நிஜப் பெயரைப் போட்டால் தொலைத்துவிடுவார்கள், அதனால் மேனேஜர், ஓனரம்மா, முத்துநகர் என்றே எழுதுகிறேன். கார் ஓனரம்மாவுடையது, பதினோரு வருஷப் பழசு. முத்துநகர் தூத்துக்குடிக்காரி, லீவு முடிந்து அந்த எக்ஸ்பிரஸில்தான் எப்போதும் எழும்பூரில் வந்து இறங்குவாள். மேனேஜர் எங்கேயும் மேனேஜர் இல்லை, பிறவிக்குணம்.

திட்டம் இதுதான். சனிக்கிழமை விடிகாலை 4:30க்குக் கிளம்பி கிழக்குக் கடற்கரைச் சாலையிலேயே போய் இரவு ராமநாதபுரம். ஞாயிறு பாம்பன், தனுஷ்கோடி. போன மாதம் 6ஆம் தேதி திறந்த புது ரயில் பாலத்தைப் பார்த்தே ஆக வேண்டுமாம், கப்பல் வந்தால் நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக மேலே ஏறும் என்று முத்துநகர் இரண்டு வாரமாக வீடியோ அனுப்பிக்கொண்டே இருக்கிறாள்.

மேனேஜர் போட்ட எக்செல் தாளில் வண்டி ஓட்ட இரண்டு பேர். எனக்கு எதிரே 'பாட்டு, தீனி' என்று இருக்கிறது. லைசென்ஸ் எடுத்து ஆறு வருஷம் ஆகிறது, வேளச்சேரியைத் தாண்டி ஓட்டியதில்லை, நான் எதுவும் பேசவில்லை.

மே 3, சனி, காலை 6:45

4:30 என்றது 6:10 ஆகிவிட்டது. காரணம் முத்துநகர், தலைக்குக் குளித்துவிட்டு வந்தாள். கோவளம் தாண்டியாயிற்று. கடல் தெரிகிற இடத்திலெல்லாம் "ஏய் கடல்டீ" என்று கத்துகிறோம், நாலு பேரில் மூன்று பேர் கடலோர ஊர்க்காரர்கள்.

அதே நாள், பகல் 11:30, மரக்காணம்

புளியமரத்தடியில் உட்கார்ந்து இதை போனில் தட்டிக்கொண்டிருக்கிறேன். வண்டி நின்றுவிட்டது.

மரக்காணம் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் ஏ.சி. காற்று திடீரென்று வெதுவெதுவென்று வந்தது. வெயில் அப்படி என்று நினைத்தோம். அப்புறம்தான் ஓனரம்மா டெம்பரேச்சர் முள்ளைப் பார்த்தாள், அது சிவப்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஓரங்கட்டி பானெட்டைத் தூக்கினால் குபுகுபுவென்று ஆவி. தண்ணீர் பாட்டிலோடு மேனேஜர் ரேடியேட்டர் மூடியில் கை வைக்கப் போக, முத்துநகர் அவள் கையைத் தட்டிவிட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. சூடாக இருக்கும்போது திறந்தால் கொதிக்கிற தண்ணீர் முகத்தில் பீய்ச்சி அடிக்கும். அவள் அப்பா லாரி ஓட்டியவர்.

மெக்கானிக் வர ஒரு மணி நேரம் ஆகும் என்றார்கள். சாலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உப்பளம். பார்த்துக்கொண்டே நின்றோம், பிறகு வரப்பில் இறங்கி நடந்தோம்.

தூரத்திலிருந்து பார்த்தால் வெறும் கண்ணாடித் துண்டுகள். பக்கத்தில் போனால் ஒவ்வொரு பாத்தியும் ஒவ்வொரு நிறம், ஒன்று தேநீர் மாதிரி, ஒன்று லேசான ரோஸ், ஒன்றில் தண்ணீர் மேல் பால் ஏடு போல மெல்லிசாக உப்பு மிதக்கிறது. விரலால் தொட்டதும் உடைந்து அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. ஒருவர் நீளமான கழியில் பலகை மாட்டி அடியில் படிந்ததை மெதுவாக ஓரத்துக்கு இழுத்துக்கொண்டிருந்தார். வேகமாக இழுத்தால் களிமண்ணும் சேர்ந்து வந்து உப்பு கறுத்துவிடுமாம். பெண்கள் அதைத் தலையில் சுமந்து மேட்டில் கொட்டுகிறார்கள். கொட்டிய குவியல்களில் சிலதைக் கீற்று போட்டு மூடியிருந்தார்கள்.

வேலை முடிந்து கால் கழுவிக்கொண்டிருந்த ஒரு அம்மாவிடம் பேச்சுக் கொடுத்தோம். விடிவதற்குள் வந்துவிடுவார்களாம். "ஒன்பது மணிக்கு மேல கண்ணு கூசும் கண்ணு, வெள்ளையா இருக்குல்ல, கீழேருந்தும் அடிக்கும்" என்றார். மேலே ஒரு வெயில், கீழே ஒரு வெயில். நாளைதான் அக்னி நட்சத்திரம் தொடங்குகிறது. நாங்கள் அதை நினைத்து மலைத்தால் அவருக்கு வேறு கவலை, இந்த மாதம் ஒரு கோடை மழை பெய்தால் பாத்தியில் இருக்கிற அத்தனையும் கரைந்துவிடும், மறுபடி முதலிலிருந்து காய வைக்க வேண்டும். ஊரே மழை மழை என்று ஏங்குகிற மாதத்தில் மழை வேண்டாம் என்று நினைக்கிற ஒருவரை இப்போதுதான் பார்க்கிறேன்.

முத்துநகர் சும்மா இருப்பாளா. "எங்க ஊர்ல 25 டிகிரி வந்தாத்தான் உப்பு எறங்கும்பாங்க, இங்கயும் அப்படித்தானா?" என்று ஆரம்பித்தாள். தண்ணீரின் அடர்த்தியைப் பார்க்கிற அளவு அது. ரொம்ப ஏறினாலும் ஆகாது, 30ஐ நெருங்கினால் கசப்பு சேரும், அந்தத் தண்ணீரை வடித்துவிட வேண்டும். தமிழ்நாட்டு உப்பில் பெரும்பங்கு தூத்துக்குடியிலிருந்துதான் போகிறது என்று அந்த அம்மாவிடமே பெருமை அடித்தாள். அவர் சிரித்துக்கொண்டே, "சரி, இதையும் நக்கிப் பாரு" என்று ஒரு கேரி பேக்கில் இரண்டு கை அள்ளிப் போட்டுக் கொடுத்தார். காசு வாங்கவில்லை.

மெக்கானிக் தம்பி பைக்கில் வந்தார். ரேடியேட்டருக்குப் போகிற கீழ் ஹோஸ் முனையில் கிழிந்திருந்தது. கிழிந்த இரண்டு இன்ச்சை வெட்டி எறிந்துவிட்டு, மீதியை இழுத்து மாட்டிக் கிளிப்பை இறுக்கினார். பாண்டிச்சேரியில் புது ஹோஸ் மாற்றிவிட வேண்டும், அதுவரை ஏ.சி. கூடாது. "முள்ளு மேல ஏறுச்சுன்னா ஹீட்டரப் போட்டுருங்கக்கா." இன்ஜின் சூட்டை இழுத்து உள்ளே ஊதிவிடுமாம். மே மாதம், ஹீட்டர், நாலு பெண்கள். மேனேஜர் எக்செல் தாளை மடித்து டேஷ்போர்டுக்குள் போட்டுவிட்டாள்.

அதே நாள், மாலை 5:00, சிதம்பரம்

ஹீட்டர் போட்டோம். அதைப் பற்றி எழுதப் போவதில்லை.

பாண்டிச்சேரியில் ஹோஸ் மாற்றி, தமிழ்நாட்டைவிட விலை குறைவு என்று டேங்கை ரொப்பிக்கொண்டு வெளியே வருவதற்குள் மதியம் முடிந்துவிட்டது. கடலூர் தாண்டி நுங்கு. கேட்டால் சுளையாகவே எடுத்துத் தருவார்கள், ஆனால் சீவின காயில் கட்டைவிரலை விட்டு நெம்பிச் சாப்பிட்டால்தான் நுங்கு. இளசு அப்படியே வழுக்கிக்கொண்டு வந்துவிடும், கொஞ்சம் முற்றினது வராது, மல்லுக்கட்ட வேண்டும், அதற்குள் தண்ணீர் முகத்தில் தெறிக்கும். ஓனரம்மா பத்து கண் சாப்பிட்டாள். சிதம்பரத்தில் இட்லியும் கத்தரிக்காய் கொத்சும். சாம்பாரை எதிர்பார்த்து ஒரு வாய் வைத்தவள் நிமிர்ந்து பார்த்துவிட்டு இன்னொரு கிண்ணம் கேட்டாள். நடராஜரைக் கோபுரத்தோடு சரி, பார்க்கிங்கிலிருந்தே கும்பிட்டோம்.

இங்கேதான் சிக்கல். ஓனரம்மாவுக்குக் கெண்டைக்காலில் சுளுக்கு மாதிரி இழுக்கிறது, கிளட்ச் மிதிக்க முடியவில்லை. மேனேஜருக்கு வெயிலில் தலைவலி, மாத்திரை போட்டுக் கண்ணை மூடியிருக்கிறாள். முத்துநகருக்கு லைசென்ஸே இல்லை. மூன்று பேரும் என்னைப் பார்க்கிறார்கள்.

அதே நாள், இரவு 10:10, தரங்கம்பாடி

ஓட்டிவிட்டேன்! ஐம்பது கிலோமீட்டர் சொச்சம், இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. ஒரு மாட்டு வண்டி எங்களை முந்தவில்லை, அதுவரை லாபம்.

கொள்ளிடம் பாலத்தில் கீழே மணல் மணலாகக் கிடந்தது என்று முத்துநகர் சொன்னாள், நான் எங்கே பார்த்தேன். என் கண்ணெல்லாம் கண்ணாடியில், பின்னால் ஒரு பஸ் ஹாரனை அழுத்திப் பிடித்துக்கொண்டு வருகிறது. "விடுடீ, அவன் போகட்டும், நீ லெஃப்ட்ல ஒட்டு, பிரேக் போடாதே." அப்பாவிடம் கற்றதையெல்லாம் லைசென்ஸ் இல்லாதவள் எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். சீர்காழிக்குள் இரண்டு முறை ஆஃப் ஆனது. திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணத்துக்கு வந்த வண்டிகள் தெருவை அடைத்துக்கொண்டு நின்றன. "நமக்கு இன்னும் இருபத்தி ரெண்டு வருஷம் இருக்கு, மெதுவாப் போ" என்று பின்சீட்டிலிருந்து ஒரு குரல். மேனேஜர் தூங்கவில்லை போல.

ராமநாதபுரம் இனி முடியாது என்று திருக்கடையூரிலேயே முடிவாகிவிட்டது. தரங்கம்பாடியில் அறை கிடைத்தது. ஊருக்குள் நுழைய டேனிஷ்காரர்கள் 1792ல் கட்டிய ஒரு வெள்ளை வாயில் இருக்கிறது, அந்த வளைவுக்குள்தான் வண்டியை விட வேண்டும். இரண்டு பக்கமும் சுவர் என் பக்கமே சாய்ந்து வருகிற மாதிரி இருந்தது. ஓனரம்மா மூச்சே விடவில்லை, கார் அவளுடையதாயிற்றே. கண்ணாடி இரண்டையும் மடக்கிக்கொண்டு முதல் கியரில் உருட்டினேன். அந்தப் பக்கம் வந்த பிறகு பார்த்தால் இரண்டு பக்கமும் நிறையவே இடம் இருந்தது.

சாப்பிட்டுவிட்டுக் கடற்கரைக்கு நடந்தோம். அரை நிலா. 1620ல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் இடம் வாங்கிக் கட்டிய கோட்டை, 1845ல் ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போய்விட்டார்கள், பூட்டிக் கிடந்தது. கல் மேல் உட்கார்ந்தோம். யாரும் எதுவும் பெரிதாகப் பேசவில்லை. காற்றில் முத்துநகரின் தலைமுடி என் வாய்க்குள் வந்துகொண்டே இருந்தது.

இடது கால் இன்னும் கிளட்ச் மிதிக்கிறது.

மே 4, ஞாயிறு, காலை 7:00

டிக்கியைத் திறந்தால், உப்பு. ஈரத்தோடு கட்டிக் கொடுத்தது, ராத்திரி முழுக்கக் கசிந்து என் பையின் அடிப்பக்கம் ஊறிவிட்டது. சுடிதார் இரண்டும் மொடமொடவென்று நிற்கின்றன. ஊறுகாய் பாட்டிலுக்கு ஒன்றும் ஆகவில்லை.

மேனேஜர் நேற்றைய தாளின் பின்பக்கத்தில் புதிதாக எழுதிக்கொண்டிருக்கிறாள். எட்டிப் பார்த்தேன். வேளாங்கண்ணி வரை நான். அதற்கப்புறம் ஒரு கேள்விக்குறி, பக்கத்தில் சின்னதாக 'பஸ் ஹாரனுக்குப் பயப்படாமல் இருந்தால்'.