கியர் இறங்கும்போது ஒரு வெட்டு

22 செப்டம்பர் 2025, திங்கள்

தீபாவளிச் சரக்கு குவியத் தொடங்கிவிட்டது. அரிசி மூட்டை, எண்ணெய் டின், நெய் என்று பிக்கப்பின் பின்தட்டு காலை ஆறு மணிக்கே நிறைந்துவிடுகிறது. இந்த நேரம் பார்த்து வண்டி முரண்டு பிடிக்கிறது.

இன்று மாலை சிங்கப்பூரின் சிராங்கூன் சாலை. அலங்கார விளக்குகளைப் பார்க்க வந்த கூட்டம், டேக்சிகள், சுற்றுலாப் பேருந்துகள். பத்தடி நகர்ந்தால் ஒரு நிறுத்தம். நிற்கப்போகும் கடைசி நொடியில், ஆட்டோமேட்டிக் கியர் தானாகக் கீழே இறங்கும் நேரத்தில், பின்னால் வந்தவன் இடித்துவிட்டதுபோல் ஒரு வெட்டு. பக்கத்தில் இருந்த புதுக்கோட்டைத் தம்பி உண்மையிலேயே திரும்பிப் பார்த்தான். பின்னால் இருந்த டேக்சி ஓட்டுநர் மூன்றடி தள்ளி நின்றுகொண்டு, எனக்கென்ன தெரியும் என்று இரண்டு கைகளையும் விரித்தார்.

24 செப்டம்பர், புதன்

வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் பட்டறைக்குப் போனேன். அந்த ஆள் வண்டியை எடுத்து வாசல்வரை ஓட்டினார், அப்படியே பின்னால் வந்தார், இறங்கினார். “கியர்பாக்ஸ் போய்விட்டது. பிரித்துக் கட்ட 4,800 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்).” வாசல்வரை போனால் இரண்டாவது கியரே விழுந்திருக்காது. அதற்குள் நோய் தெரிந்துவிட்டதாம்.

மச்சான் வழக்கம்போல், “விற்றுத் தொலையுங்கள்” என்கிறார். விற்றுவிட்டு என்ன செய்வது? இங்கே வண்டி வைத்திருக்க ஏலத்தில் எடுக்க வேண்டிய உரிமைச் சான்றிதழ் மட்டுமே, சரக்கு வாகனங்களுக்கான ‘சி’ பிரிவில், 70,000 வெள்ளியை ஒட்டி நிற்கிறது. அதற்குமேல்தான் வண்டியின் விலை. என் வண்டியின் சான்றிதழில் இன்னும் இரண்டு வருடம் பாக்கி. இரண்டு வருடத்துக்காக 4,800 வெள்ளி போடலாமா கூடாதா என்பது பிறகு. முதலில் அந்த வெட்டு எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரிய வேண்டும்.

27 செப்டம்பர், சனி

காக்கி புக்கிட்டில் ஈப்போக்கார அண்ணன் ஒருவர் பட்டறை வைத்திருக்கிறார். தொலைபேசியில் விவரம் சொன்னேன். வண்டியைக் கொண்டு வா என்று சொல்லவில்லை. “தம்பி, மூன்று விஷயம் எழுதிக்கொண்டு வாருங்கள். வண்டி குளிர்ந்திருக்கும்போதா, சூடான பிறகா? கால் பிரேக்கில் இருக்கும்போதா, ஆக்சிலேட்டரில் இருக்கும்போதா? எந்தக் கியரிலிருந்து எந்தக் கியருக்கு?”

எழுதினேன், பில் புத்தகத்தின் பின்பக்கத்தில். எழுதியபோதுதான், ஒரே தொல்லை என்று நான் நினைத்தது உண்மையில் இரண்டு என்று புரிந்தது.

ஒன்று, நிற்கும் கணத்தில் அடியிலிருந்து வரும் ‘டொக்’. இது காலையிலும் வருகிறது, மாலையிலும் வருகிறது. பளு இருந்தால் கொஞ்சம் அதிகம். சில சமயம் கிளம்பும்போதும் ஒருமுறை.

மற்றது, மூன்றிலிருந்து இரண்டுக்கு இறங்கும்போது வரும் வெட்டு. காலையில் இது இல்லவே இல்லை. பாசிர் பாஞ்சாங் மொத்த விற்பனை நிலையத்தில் ஏற்றிக்கொண்டு நகருக்குள் அரை மணி நேரம் ஊர்ந்த பிறகுதான் தலைகாட்டுகிறது. பிரேக்கை அழுத்தமாகப் பிடித்தால் கட்டாயம் வரும். மெல்லப் பிடித்தால் பாதி நேரம் வராது.

கையேட்டைப் புரட்டினேன். முதல் கியர் விகிதம் 3.600, இரண்டாவது 2.090, மூன்றாவது 1.488. அதாவது மூன்றிலிருந்து இரண்டுக்கு இறங்கும்போது, சக்கரம் அதே வேகத்தில் சுற்ற, எஞ்சின் 1,000 சுற்றிலிருந்து ஏறக்குறைய 1,400க்கு எகிற வேண்டும். இரண்டிலிருந்து ஒன்றுக்கு என்றால் 1,720. ஒரு கிளட்ச் விட, இன்னொரு கிளட்ச் பிடிக்க, இடையில் எஞ்சின் அந்த வேகத்துக்கு ஏறிக்கொள்ள வேண்டும். எல்லாம் ஒரு நொடிக்குள். பிடிக்கிற கிளட்ச் முந்தினாலும் வெட்டும், பிந்திப்போய் அவசரமாகப் பிடித்தாலும் வெட்டும். இத்தனை நாள் இது தினமும் சத்தமில்லாமல் நடந்துகொண்டிருந்தது என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

30 செப்டம்பர், செவ்வாய்

அண்ணன் என் குறிப்பைப் படித்துவிட்டு, பட்டறைக்குப் பின்னால் இருந்த ஆளில்லாத சந்துக்கு என்னை அழைத்துப் போனார். “நிற்பதற்குச் சற்று முன்னால் லிவரை நியூட்ரலில் போடுங்கள்.” போட்டேன். ‘டொக்’ அப்படியே வந்தது. நியூட்ரலில் கியர்பாக்ஸுக்கு இறக்குவதற்குக் கியரே இல்லை. ஆக, இந்தச் சத்தத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

வண்டியைத் தூக்கினார். பின் ஆக்சிலுக்குப் போகும் புரொப்பெல்லர் ஷாஃப்டின் நடுவில், ஒன்றுக்குள் ஒன்று நீண்டு சுருங்கும் பல்வெட்டு இணைப்பு ஒன்று இருக்கிறது. பிரேக் பிடித்தால் பட்டை ஸ்பிரிங் நெளியும், பின் ஆக்சில் கொஞ்சம் சுழன்று நகரும், அதற்கேற்ப இந்த இணைப்பு வழுக்கிக் கொடுக்க வேண்டும். எங்கள் வண்டியில் கிரீஸ் காய்ந்து கறுத்துப்போய், அது ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டுச் சட்டென்று விடுகிறது. விடும்போது வருவதுதான் ‘டொக்’. கிரீஸ் ஏற்றும் நிப்பிளைத் துடைத்து, பழைய கிரீஸ் கரிய புழுவாக நெளிந்து வெளியே வரும்வரை கிரீஸ் கன்னால் அடித்தார். ஷாஃப்டின் மூட்டுகளான யூ ஜாயின்ட்டுகளைக் கையால் முறுக்கிப் பார்த்தார். ஆட்டம் இல்லை.

திரும்பும் வழியில் ‘டொக்’ இல்லை. கூலி 30 வெள்ளி. 4,800 வெள்ளி கேட்டவர் வண்டிக்கு அடியில் குனிந்துகூடப் பார்க்கவில்லை என்பதை இங்கே எழுதி வைக்கிறேன். சூட்டில் வரும் வெட்டு மட்டும் போகவில்லை.

2 அக்டோபர், வியாழன்

வண்டியை நேற்றிரவே பட்டறையில் விட்டுவிடச் சொன்னார் அண்ணன். காரணம் கியர்பாக்ஸ் எண்ணெயின் மட்டம்.

இந்தக் கியர்பாக்ஸில் மட்டம் பார்க்கும் அளவுகோல் கிடையாது. அடியில் ஒரு திருகு. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, எண்ணெய் நாற்பது டிகிரியை ஒட்டி இருக்கும்போது அதைத் திறக்க வேண்டும். மெல்லிய தாரையாக வழிந்து சொட்டாக மாறினால் மட்டம் சரி. எண்ணெய் சூடானால் விரியும். தொண்ணூறு டிகிரியில் திறந்தால், உள்ளே இருக்க வேண்டியதும் சேர்ந்து வழிந்துவிடும். பார்ப்பவர் மட்டம் சரி என்று நினைத்து மூடிவிடுவார், ஆறியபின் எண்ணெய் குறைவாக இருக்கும். நம் ஊர் வெயிலில், தீவு விரைவுச்சாலையிலிருந்து நேரே பட்டறைக்குள் நுழையும் வண்டி நாற்பதுக்கு இறங்க எத்தனை மணி நேரமாகும்? மதியத்துக்குள் அடுத்த வண்டியைத் தூக்க வேண்டும் என்று நிற்கிற எந்தப் பட்டறை அவ்வளவு காத்திருக்கும்?

காலையில் ஸ்கேனரை மாட்டினார். பிழைக்குறியீடு ஒன்றும் இல்லை. எண்ணெய் 41 டிகிரி வந்ததும் திறந்தார். ஒரு சொட்டுகூட வரவில்லை. மேலே ஊற்றி ஊற்றி, முக்கால் லிட்டருக்குப் பிறகுதான் வழிந்தது. எண்ணெய் குறைவாக இருக்கும்போது பிரேக்கை அழுத்தினால் அது முன்பக்கம் ஓடிவிடும், பம்ப் காற்றை உறிஞ்சும், அழுத்தம் தாழும், கிளட்ச் தாமதித்துப் பிறகு அடித்துப் பிடிக்கும். அழுத்தமாக பிரேக் பிடித்தால் கட்டாயம் வரும் என்று நான் எழுதியிருந்த வரியின் மேல் விரலை வைத்தார்.

எண்ணெய் சிவப்பாக இல்லை, கடுங்காப்பி நிறம். ‘ஆயுள் முழுக்க மாற்ற வேண்டாம்’ என்று விற்றவர்கள் சொன்னது ஞாபகம் இருக்கிறது. அதே வண்டியின் கையேடு, பளு ஏற்றி ஓட்டினால் 80,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறது. யாருடைய ஆயுள் என்று விற்றவர்களிடம் கேட்டிருக்க வேண்டும்.

கீழ்த்தட்டைக் கழற்றினார். உள்ளே இருந்த காந்தங்களில் சாம்பல் நிறக் களி. விரலில் தேய்த்துக் காட்டினார், மாவுபோல் கரைந்தது. இயல்பான தேய்மானம். பளபளக்கும் துகள் இருந்திருந்தால் நானே முதல் பட்டறைக்குத் திரும்பிப் போயிருப்பேன். ஒருமுறை வடித்தால் மூன்றில் ஒரு பங்குதான் வரும், மிச்சம், எஞ்சின் சக்தியை எண்ணெய் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் போன்ற இடங்களில் தங்கிவிடும். அதனால் வடித்து, ஊற்றி, ஓட்டி, மறுபடி வடித்தார். கையேடு சொன்ன ரகத்தைத் தவிர வேறு எண்ணெய் வேண்டாம் என்பதில் நான் விட்டுக்கொடுக்கவில்லை. அவரும் அதைத்தான் வாங்கி வைத்திருந்தார்.

5 அக்டோபர், ஞாயிறு

கியர்பாக்ஸின் கணினி, தேய்ந்த எண்ணெய்க்கும் குறைந்த அழுத்தத்துக்கும் ஈடுகட்டப் பழகியிருந்தது. அந்தப் பழக்கத்தை ஸ்கேனரால் அழித்தாயிற்று. இனி புதிதாகக் கற்க வேண்டும். கற்பிப்பது ஓட்டுகிறவன் வேலை. துவாஸில் ஞாயிற்றுக்கிழமை சாலைகள் காலியாகக் கிடக்கும். மெல்ல வேகமெடுத்து எல்லாக் கியரும் ஏறவிட்டு, பிரேக்கைத் தொட்டும் தொடாமலும் நிற்கும்வரை உருளவிட வேண்டும். தொடக்கத்தில் முன்னைவிட மோசமாக இருந்தது. தம்பி என்னைப் பார்த்தான், நான் சாலையைப் பார்த்தேன். அரை மணி நேரத்தில் வெட்டு உதறலாகி, உதறல் வெறும் உணர்வாகக் குறைந்தது. அதற்குப் பிறகு தம்பி தூங்கிவிட்டான்.

9 அக்டோபர், வியாழன்

முழுப் பளு, மாலை நெரிசல், அதே சிராங்கூன் சாலை. மூன்றிலிருந்து இரண்டுக்கு இறங்குவது தெரியவில்லை. ஒன்று மட்டும் மிச்சம்: நடக்கும் வேகத்தில் உருண்டுகொண்டிருக்கும்போது சட்டென்று ஆக்சிலேட்டரை மிதித்தால் சின்னதாக ஒரு தட்டு. முதல் கியரில் ஒருவழிக் கிளட்ச் இருப்பதால் உருளும்போது அது தளர்ந்து கிடக்கும், மிதித்ததும் இறுகும் என்கிறார் அண்ணன். மெல்ல மிதித்தால் வருவதில்லை.

14 அக்டோபர், செவ்வாய்

பில் வந்தது. எண்ணெய், வடிகட்டி, கேஸ்கெட், கூலி, கிரீஸ் எல்லாம் சேர்த்து 620 வெள்ளி. கிளட்சுகளுக்கு எண்ணெய் அழுத்தத்தைப் பிரித்து விடும் வால்வு பாடியையும், அதன் மின் வால்வுகளான சோலனாய்டுகளையும் இப்போது தொட வேண்டாம் என்று இருவரும் பேசி முடிவு செய்தோம். சூட்டில் அந்த வெட்டு மறுபடி வந்தால், மட்டம் சரியாக இருந்தும் வந்தால், அப்போது பார்க்கலாம். கியர்பாக்ஸைத் தாங்கும் ரப்பரில் ஒரு விரிசல் இருக்கிறது. அதை வருடாந்தரப் பரிசோதனைக்கு முன் மாற்ற வேண்டும். தீபாவளிக்கு மறுவாரம் நாள் குறித்திருக்கிறேன். வண்டியை முந்தின இரவே விடச் சொல்லியிருக்கிறார்.