மெசேஜ் புரோக்கர் பில்டு செய்முறைத் தேர்வு: ஜாவாவைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்

முடிவு வந்துவிட்டது, தேறிவிட்டேன். மதிப்பெண் சுமார்தான், இருந்தாலும் மறுபடி எழுத வேண்டாம் என்பதே பெரிய நிம்மதி. சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். தேர்வின் அமைப்பு உங்களுக்குத் தெரிந்ததுதான்: ஒரு மெசேஜ் புரோக்கரின் (நிரல்களுக்கிடையே மெசேஜ்களை வாங்கிக் கொண்டுசேர்க்கும் மென்பொருள்) சோர்ஸை இறக்கு, சரிபார், பில்டு பண்ணு (அதாவது ஓடக்கூடிய மென்பொருளாக ஆக்கு), ஓட்டு, ஒரு மெசேஜ் போய்ச் சேருவதைக் காட்டு. அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

எந்த புரோக்கரை எடுப்பது என்று நாமே முடிவு செய்யலாம் என்றதும் பெரும்பாலோர் காஃப்கா பக்கம் ஓடினார்கள். நான் ஆக்டிவ்எம்கியூ கிளாசிக் எடுத்தேன். அதை பில்டு செய்யும் கருவியான மேவன் எனக்குப் பழக்கம், காஃப்காவுக்கு வேண்டிய கிரேடில் பழக்கமில்லை, அவ்வளவுதான் காரணம். உங்களுக்கு சி மொழி கைவந்தது என்றால் மொஸ்கிட்டோ எடுங்கள், சிறியது, சீக்கிரம் பில்டு ஆகிவிடும். ரேபிட்எம்கியூவுக்கு எர்லாங், எலிக்சிர் என்ற இரண்டு மொழிகளுமே வேண்டும், பதிப்புகளும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போக வேண்டும். தேர்வு அறையில் அந்தப் பஞ்சாயத்து எதற்கு?

இனி நான் சொல்ல வந்த ஒரே விஷயம். பில்டு கட்டளையை அடிக்கும் முன்னால் 'எம்விஎன் -வெர்ஷன்' (எம்விஎன் என்பது மேவனின் கட்டளை) என்று அடித்து, வருவதை வரி வரியாகப் படியுங்கள். 'ஜாவா -வெர்ஷன்' பார்த்தால் போதும் என்று நினைக்காதீர்கள். அது பாத்தில் (கட்டளைகளைத் தேடும் அடைவுகளின் பட்டியல்) முதலில் கிடைக்கிற ஜாவாவைத்தான் காட்டும். மேவனோ ஜாவா_ஹோம் என்ற சூழல் மாறி எங்கே காட்டுகிறதோ அங்கேதான் போகும். எனக்குக் கிடைத்த கணினியில் 'ஜாவா -வெர்ஷன்' 17 என்றது, 'எம்விஎன் -வெர்ஷன்' 11 என்றது. யாரோ முன்பு வைத்துவிட்டுப் போன ஜாவா_ஹோம். ஆக்டிவ்எம்கியூ 5.17, 5.18 என்றால் 11 போதும், 6 வரிசைக்கு 17 வேண்டும். கவனிக்காமல் தொடங்கியிருந்தால் பாதி இணையத்தையும் இறக்கி முடித்தபிறகு 'இன்வாலிட் டார்கெட் ரிலீஸ்: 17' என்று நின்றிருக்கும். பக்கத்து இருக்கையில் அதுதான் நடந்தது. அவர் சோர்ஸ் பொதிதான் கெட்டுவிட்டது என்று நினைத்து மறுபடி முதலிலிருந்து இறக்கினார், பாவம்.

இதற்கு ஒரு தங்கை உண்டு: 'நோ கம்பைலர் இஸ் புரொவைடட்' என்ற பிழை. ஜாவா நிரலை ஓட்ட மட்டும் உதவும் ஜேஆர்இ இருக்கிறது, கம்பைலரும் சேர்ந்த ஜேடிகே இல்லை என்று பொருள். ஜாவா_ஹோம் காட்டும் அடைவில் இருக்கும் கம்பைலரை 'ஜாவாசி -வெர்ஷன்' என்று ஓட்டிப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும். இந்த இரண்டு கட்டளைகளுக்கும் சேர்த்து அரை நிமிடம்கூட ஆகாது. மற்ற எல்லாவற்றையும் மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

சரி, இறக்கும் கட்டம். இங்கே எனக்கு ஒரு கசப்பு இருக்கிறது. சார்புப் பொதிகளை (பில்டுக்குத் தேவைப்படும் மற்ற நூலகங்கள்) இறக்கும் நேரத்தையும் தேர்வு நேரத்திலேயே கழித்துவிட்டார்கள். மேவன் முதல்முறை ஓடும்போது அத்தனை ஜார்களையும் (அந்த நூலகக் கோப்புகள்) இழுக்கும், அது நம் கையில் இல்லை. அறையில் எல்லோரும் ஒரே இணைப்பில் இழுத்தால் என்ன ஆகும்? இணைய வேகத்துக்குத் தேர்வு வைத்தார்களா, எங்களுக்கு வைத்தார்களா தெரியவில்லை. அதனால் என் யோசனை, இறக்கம் ஓடும்போது சும்மா உட்காராதீர்கள், அறிக்கையின் முதல் பகுதியை அப்போதே எழுதிவிடுங்கள்.

இறக்கும்போது கவனிக்க வேண்டியவை:

- காஃப்காவில் 'காஃப்கா_2.13' என்று தொடங்கும் கோப்பு ஏற்கெனவே பில்டு ஆனது. 2.13 என்பது ஸ்காலா மொழியின் பதிப்பு, காஃப்கா பதிப்பு இல்லை. உங்களுக்கு வேண்டியது பெயரில் 'எஸ்ஆர்சி' இருக்கும் கோப்பு.
- ரேபிட்எம்கியூவுக்கு கிட்ஹப் தானாக உருவாக்கித் தரும் 'சோர்ஸ் கோடு' பொதி வேண்டாம். வெளியீட்டுக் குறிப்பிலேயே சொல்லியிருக்கிறார்கள். 'ரேபிட்எம்கியூ-சர்வர்' என்ற பெயரில் தனியாக வைத்திருக்கும் பொதியை எடுங்கள்.
- அப்பாச்சி மென்பொருளை (காஃப்கா, ஆக்டிவ்எம்கியூ இரண்டும் அப்பாச்சியுடையவை) எந்த மிரரிலிருந்தும் (நகல் தளம்) இறக்கலாம். செக்சம் (கோப்பு மாறவில்லை என்று சரிபார்க்கும் எண்), கையொப்பம், கையொப்பத்தைச் சரிபார்க்கும் சாவிகள் உள்ள கீஸ் கோப்பு மூன்றும் அப்பாச்சியின் சொந்தத் தளத்திலிருந்தே வர வேண்டும்.
- பழைய பதிப்பு கேட்டால் ஆர்கைவ் தளத்தில் தேடுங்கள்.

சரிபார்ப்பில் பலர் தடுமாறியது காஃப்காவின் ஷா512 கோப்பில், அதாவது செக்சம் கோப்பில். 'ஷா512சம் -சி' என்று கொடுத்தால் ஒழுங்கான வரியே இல்லை என்று சொல்லிவிடும். அந்தக் கோப்பு ஜிபிஜி (கையொப்பம் சரிபார்க்கும் கருவி) அச்சிடும் வடிவில் இருக்கிறது: பெரிய எழுத்துகள், இடைவெளி விட்ட தொகுப்புகள், பல வரிகள். இடைவெளிகளை நீக்கி, சிறிய எழுத்தாக்கி ஒப்பிடுங்கள். கையொப்பம் பார்க்கும்போது 'குட் சிக்னேச்சர்' என்ற வரிக்குக் கீழே, சாவி நம்பகமான கையொப்பத்தால் உறுதி செய்யப்படவில்லை என்று ஓர் எச்சரிக்கை வரும். பயப்பட வேண்டாம். அந்தச் சாவியை நீங்கள் நேரில் உறுதி செய்யவில்லை என்பதைத்தான் அது சொல்கிறது. 'பேட் சிக்னேச்சர்' என்று வந்தால் மட்டும் அங்கேயே நிறுத்துங்கள்.

பில்டில் டெஸ்ட்களை ஓட விடாதீர்கள், நேரம் போய்விடும். ஆனால் எப்படித் தவிர்ப்பது என்பதில் ஒரு நுணுக்கம் உண்டு. 'ஸ்கிப்டெஸ்ட்ஸ்' கொடுத்தால் டெஸ்ட் நிரல் கம்பைல் ஆகும், ஓடாது. 'மேவன்.டெஸ்ட்.ஸ்கிப்' கொடுத்தால் கம்பைலும் ஆகாது. இரண்டாவது வேகமானது என்று ஆசைப்படாதீர்கள். ஒரு மாட்யூலின் டெஸ்ட் ஜாரை இன்னொரு மாட்யூல் கேட்கும் புராஜெக்டாக இருந்தால் நடுவழியில் நின்றுவிடும். நான் முதலாவதைத்தான் கொடுத்தேன். நான் நிதானப் பேர்வழி, வேகமாக விரல் ஓடுகிறவர்களுக்கு இது சோம்பலாகத் தோன்றலாம்.

பில்டு முடிந்ததும் பொதி 'அசெம்பிளி' அடைவுக்குள் இருக்கும் 'டார்கெட்'டில் கிடக்கும். அப்புறம் ஓட்டும்போது 'ஸ்டார்ட்' வேண்டாம், 'கன்சோல்' கொடுங்கள். 'ஸ்டார்ட்' பின்னணிக்குப் போய்விடும், செத்துப்போனாலும் தெரியாது. 'கன்சோல்' என்றால் பிழை கண்முன்னே வரும்.

அப்படித்தான் எனக்கு 'ஃபெயில்ட் டு பைண்ட்' கண்ணில் பட்டது. ஆக்டிவ்எம்கியூ 61616 என்ற போர்ட்டை (இணைப்புக்கான எண்) மட்டும் பிடிப்பதில்லை. இயல்பு அமைப்பிலேயே ஏஎம்கியூபி, எம்கியூடிடி என்ற மெசேஜ் நெறிமுறைகளுக்கு முறையே 5672, 1883 ஆகியவற்றையும் கேட்கும். முதலாவது ரேபிட்எம்கியூவின் போர்ட், இரண்டாவது மொஸ்கிட்டோவினுடையது. கணினியில் ஏற்கெனவே ஒரு மொஸ்கிட்டோ ஓடிக்கொண்டிருந்தது. அமைப்புக் கோப்பில் எம்கியூடிடி வரியைக் கமென்ட் ஆக்கியதும் கிளம்பிவிட்டது.

மற்றவை சுருக்கமாக:

- காஃப்கா எடுத்தவர்களுக்கு: 'கிளாஸ்பாத் இஸ் எம்ப்டி' என்று வந்தால் இன்னும் பில்டு ஆகவில்லை என்று பொருள். 2025இல் வந்த 4.0இலிருந்து ஜூகீப்பர் (முன்பு காஃப்காவோடு தனியாக ஓட்ட வேண்டியிருந்த ஒருங்கிணைப்பு மென்பொருள்) கிடையாது, சேமிப்பிடத்தை முதலில் ஃபார்மட் செய்தால்தான் தொடங்கும். சர்வருக்கு ஜாவா 17 வேண்டும்.
- மொஸ்கிட்டோ எடுத்தவர்களுக்கு: நிறுவியபின் லைப்ரரி கிடைக்கவில்லை என்று சொன்னால் லைப்ரரிப் பட்டியலைப் புதுப்பிக்கும் 'எல்டிகான்ஃபிக்' ஓட்டுங்கள். 2.0 முதல் அமைப்பு எதுவும் தராவிட்டால் அதே கணினியிலிருந்து மட்டுமே இணைய விடும்.
- ரேபிட்எம்கியூ எடுத்தவர்களுக்கு: 'கெஸ்ட்' கணக்கில் லோக்கல்ஹோஸ்ட் (அதே கணினி) தவிர வேறெங்கிருந்தும் நுழைய முடியாது. வேறு கணினியிலிருந்து காட்டச் சொன்னால் புதுப் பயனரை உருவாக்குங்கள்.

அறிக்கையில் பில்டு வெளியீடு முழுவதையும் ஒட்டாதீர்கள், யாரும் படிக்க மாட்டார்கள். 'எம்விஎன் -வெர்ஷன்' வெளியீடு, செக்சம் ஒப்பீடு, கையொப்ப வரி, 'பில்டு சக்சஸ்' வரி, அனுப்பிய மெசேஜும் பெற்ற மெசேஜும் என்று இந்த வரிசையில் ஒட்டுங்கள். அனுப்பியதற்கும் பெற்றதற்கும் தனித்தனி டெர்மினல் திறந்து, நேரம் தெரியும்படி காட்டினால் மதிப்பிடுகிறவர் கேள்வி கேட்காமல் அடுத்தவரிடம் போய்விடுவார்.