பிக்கப் இல்லாத பிக்கப்

வண்டிக்காரர்கள் 'பிக்கப் இல்லை' என்று சொன்னால், நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது இழுவை இல்லை என்று பொருள். நான் பழைய வண்டியாக வாங்கிய 2021 மாடல் டீசல் பிக்கப்புக்கு அந்தக் குறைதான் இருந்தது. ஓசூரிலிருந்து ஏறக்குறைய ஒரு டன் தக்காளியை ஏற்றிக்கொண்டு பெங்களூரு கலாசிபாளையம் சந்தைக்கு வருவது என் அன்றாட வேலை. அத்திப்பள்ளி சுங்கச்சாவடியில் தடுப்புக் கட்டை உயர்ந்ததும் ஆக்சிலரேட்டரை மிதித்தால், வண்டி இரண்டு வினாடி அசையலாமா வேண்டாமா என்று யோசிக்கும்; பிறகு எஞ்சின் நிமிடத்துக்கு 1,900 சுற்றைத் தொட்டதும் யாரோ முதுகில் கைவைத்துத் தள்ளியதுபோல் பாயும். பின்னால் நிற்பவர்களின் ஹாரனுக்குப் பயந்து கிளட்சைப் பாதி மிதித்தபடி, ஹாஃப் கிளட்சிலேயே சமாளித்துவந்தேன்.

"அண்ணே, டர்போ போயிருக்கும், இறக்கிப் பார்த்துடலாம்" என்றார் வழக்கமாகப் பார்க்கும் மெக்கானிக். எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவைத் தொடுவதற்கு முன் காற்று வடிகட்டியையும் டீசல் வடிகட்டியையும் மாற்றினோம். அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் குழாய்களில் சோப்புத் தண்ணீர் தடவிக் கசிவு இருக்கிறதா என்றும் பார்த்தோம். எதிலும் பயனில்லை. ஆனால் மூன்றாம் கியரில் 1,500 சுற்றில் மிதித்தால் அதே வண்டி தயக்கமின்றி இழுத்தது. டர்போவோ குழாயோ பழுதாகியிருந்தால் மூன்றாம் கியரில் மட்டும் அது எப்படிச் சரியாகும் என்ற கேள்வி எனக்கு உறுத்தலாகவே இருந்தது. சர்வீஸ் சென்டரில் ஸ்கேனரை மாட்டிப் பார்த்துவிட்டு, பிழைக் குறியீடு எதுவும் இல்லை, ஆகவே குறையும் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள்.

2020 ஏப்ரலில் பி.எஸ். 6 புகைக் கட்டுப்பாட்டு விதிமுறை நடைமுறைக்கு வந்த பிறகு தயாரான வண்டி என்பதால், ஸ்டியரிங்குக்குக் கீழே எஞ்சின் கணினியின் தரவுகளைப் படிக்க உதவும் 16 முனை ஓ.பி.டி. சாக்கெட் இருந்தது. அதில் செருகும் புளூடூத் அடாப்டர் ஒன்றை வாங்கி, எஞ்சின் தரவுகளை அலைபேசியில் பதிவுசெய்யத் தொடங்கினேன். எஞ்சின் ஓடாமல் சாவியை மட்டும் திருப்பினால் உள்ளிழுப்புக் குழாயின் அழுத்தம் 91 கிலோபாஸ்கல் என்று காட்டியது. அதைப் பார்த்ததும் மெக்கானிக் சென்சார் கெட்டுவிட்டதாகத் தீர்மானித்துவிட்டார். கடல் மட்டத்தில் 101 இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் பெங்களூருவில் காற்றின் அழுத்தமே அவ்வளவுதான். சென்சார் பொய் சொல்லவில்லை.

அதன்பின் சுமையுடன் ஒரு விடியற்காலை முழுவதும் பதிவெடுத்தேன். ஓர் இடத்தில் மட்டும் நான் நெடுநேரம் கண் வைத்திருந்தேன். முதல் கியரில் பெடல் 65 விழுக்காடு அழுந்தியிருக்கிறது. ஆனால் எஞ்சின் கணினி கேட்கும் முறுக்குவிசை 28 விழுக்காட்டிலேயே நிற்கிறது, எஞ்சின் தரும் விசையும் அதையொட்டி 27. அதாவது கேட்டதை எஞ்சின் கொடுத்துவிடுகிறது. கணினிதான் கேட்கவே இல்லை. டீசல் பம்பு சோர்ந்திருந்தால் எஞ்சினுக்கு டீசலைப் பகிரும் பொதுக்குழாயின் அழுத்தம் கணினி வேண்டிய அளவுக்குக் கீழே கிடந்திருக்கும். காற்று கசிந்திருந்தால் டர்போ அழுத்தம் அப்படிப் பின்தங்கியிருக்கும். இங்கே வேண்டுகோளே சிறியதாக இருந்ததால் எல்லாம் ஒழுங்காக இருப்பதாகவே கணினி கருதியது. பிழைக் குறியீடு எழாததற்கும் அதுவே காரணம்.

பெடல் எவ்வளவு அழுந்துகிறது என்று கணினிக்குச் சொல்லும் சென்சாரின் இரண்டு மின்னழுத்தங்களும் ஒன்றுக்கொன்று பொருந்தியே உயர்ந்தன; அதிலும் கோளாறு இல்லை. எனவே மென்பொருளின் மேல்தான் ஐயம் திரும்பியது. என் மைத்துனரிடமும் அதே மாடல், அதே ஆண்டு வண்டி இருந்தது. அவர் வண்டியிலும் இதே அடாப்டரைச் செருகி, கணினியில் உள்ள மென்பொருள் அடையாள எண்ணையும், உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் சரிபார்ப்பு எண்ணையும் படித்தோம். அடையாள எண் இரண்டிலும் ஒன்றே. சரிபார்ப்பு எண் மட்டும் வேறு. பெயரை மாற்றாமல் உள்ளே யாரோ கைவைத்திருக்கிறார்கள்.

"மச்சான், வித்தவருக்கே போன் போட்டுக் கேட்டுடு" என்றார் அவர். கேட்டேன். மைலேஜ் கூடும் என்று யாரோ சொன்னதை நம்பி எஞ்சின் மென்பொருளை மாற்றியெழுதி ரீமேப் செய்ததாக விற்றவர் சங்கடத்துடன் ஒப்புக்கொண்டார். மைலேஜுக்காக முதல் கியரின் தொடக்கச் சுற்றுகளில் டீசலுக்குக் கடிவாளம் போட்டிருந்தார்கள். நானோ அந்தக் குறையை ஈடுகட்ட ஒவ்வொரு சிக்னலிலும் எஞ்சினைக் கூடுதலாக முறுக்கிக்கொண்டிருந்தேன். என்ன சிக்கனமோ!

பதிவுகளையும் இரண்டு சரிபார்ப்பு எண்களையும் காட்டிய பிறகு சர்வீஸ் சென்டரில் நிறுவனத்தின் மூல மென்பொருளை மீண்டும் ஏற்ற ஒப்புக்கொண்டார்கள். ஏற்றும்போது நடுவில் மின்னழுத்தம் சரிந்தால் கணினியே பயனற்றுப்போகலாம் என்பதால் பேட்டரியுடன் சார்ஜரை இணைத்த பிறகே வேலையைத் தொடங்கினார்கள். மறுநாள் அதே சுமையுடன் அதே சுங்கச்சாவடியில் பதிவெடுத்தேன்: பெடல் 65-ஐத் தொட்டபோது கேட்கப்பட்ட விசை 60-ஐத் தாண்டியிருந்தது. ஹாரன் சத்தம் கேட்கவில்லை.

கிளட்ச் நாற்றம் மட்டும் போகவில்லை. இரண்டு வாரம் கழித்து கியர்பாக்சை இறக்கியபோது கிளட்ச் தட்டு உராயும் ஃபிளைவீலின் முகத்தில் சூட்டினால் நீலம் பாய்ந்த திட்டுகள் வட்டமாகத் தெரிந்தன. அவை ஹாஃப் கிளட்சில் நான் ஓட்டிய மாதங்களின் கணக்கு. கிளட்ச் தட்டுக்கான பணம் என் பையிலிருந்துதான் போனது.